கண்டி கரிசன் சேமக்காலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கண்டியில் வரலாறு படிப்பிக்கிறேன். அட்டனிலிருந்தோ மாத்தளையிலிருந்தோ சொந்தக்காரர் வந்தால், தலதா மாளிகையும் ஏரிக்கரையும் பார்த்து முடித்த கையோடு இந்தப் பழைய சேமக்காலைக்கும் கூட்டிக்கொண்டு போவேன். பள்ளிப் பிள்ளைகளையும் அப்படித்தான். ஏறும் வழியிலும் உள்ளே போன பிறகும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வரும். எல்லாமே நியாயமான சந்தேகங்கள். ஆகவே, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைச் சேர்த்திருக்கிறேன்.

"எத்தனையோ தடவ கண்டிக்கு வந்திருக்கோம், கண்ணுல படவே இல்லயே. எங்க இருக்கு?"

தலதா மாளிகைக்குப் பின்பக்கம் தேசிய நூதனசாலை இருக்கிறதல்லவா, அங்கிருந்து மேலே ஏறும் சின்னப் பாதையில் சில நிமிடம் நடந்தால் போதும். உடவத்தகலைக் காட்டின் அடிவாரம் அது. பெரிய வீதியிலிருந்து பார்த்தால் தெரியாது. மரங்களுக்கு நடுவே, சரிவில் வெட்டிய ஒரு புல்தரை, அதில் சாய்ந்தும் நிமிர்ந்தும் நிற்கும் கற்கள். அவ்வளவுதான் இடம்.

"இது யாரோட சவக்கால? எப்ப தொடங்கினது?"

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. நகரத்தில் அவர்களுடைய படை தங்கியது. அப்படி ஓரிடத்தில் நிலைகொண்ட படையைத்தான் 'கரிசன்' என்பார்கள். அந்தப் படையில் இறந்தவர்களைப் புதைக்க 1817இல் தொடங்கியது இந்த இடம். பிறகு அரசாங்க அதிகாரிகள், கோப்பித் தோட்டத் துரைமார், அவர்களின் மனைவிமார், கைக்குழந்தைகள் என்று எல்லோரும் இங்கேயே வந்து சேர்ந்தார்கள். மொத்தமாக இருநூறுக்குச் சற்றுக் குறைவானவர்கள்.

நகர எல்லைக்குள் புதைக்கக்கூடாது என்று சட்டம் வந்ததால் 1870களில் மூடிவிட்டார்கள். ஏற்கெனவே இங்கே அடக்கமானவர்களின் உறவினருக்கு மட்டும் விலக்கு இருந்தது. மற்றவர்களுக்கு மஹியாவ சேமக்காலை. அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

"சவக்காலையா, சேமக்காலையா, மயானமா? எப்படிச் சொல்றது சரி?"

மூன்றுமே சரி. நம் நாட்டில் கிறிஸ்தவர்கள் சேமக்காலை, சவக்காலை என்பார்கள். தோட்டங்களில் நாம் பொதகாடு என்கிறோம், எழுதும்போது புதைகாடு. மயானம் எல்லோருக்கும் பொதுவான சொல். எனக்குச் சேமக்காலை என்ற சொல் பிடிக்கும், பத்திரமாக வைத்திருக்கும் இடம் என்ற பொருள் அதில் கேட்கிறது.

"உள்ள போகக் காசு கட்டணுமா? சும்மா போகலாமா?"

யாரும் போகலாம், நுழைவுச்சீட்டு கிடையாது. பராமரிப்பு நன்கொடையில் நடக்கிறது, அதனால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வருகையாளர் புத்தகத்தில் உங்கள் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். பகல் வெளிச்சத்தில் போவது நல்லது. மழை பெய்திருந்தால் புல்லில் அட்டை இருக்கும், படியும் வழுக்கும். குரங்குகள் கண்முன்னே சாப்பாட்டுப் பையை எடுத்து நீட்ட வேண்டாம்.

"நாங்க சைவம். உள்ள போய்ட்டு வந்தா தீட்டா? வீட்டுக்கு வந்து குளிக்கணுமா?"

உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதைச் செய்யுங்கள். சாவு வீட்டுக்கும் சுடுகாட்டுக்கும் போய்வந்தால் தலை முழுகுவது நம் பழக்கம். இங்கே புதைத்தவர்களில் பெரும்பாலானோர் இறந்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் அம்மா என்னோடு வந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கால் கழுவிக்கொண்டு விளக்கேற்றினார். வேறொரு அத்தை குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் போனார். இரண்டிலும் பிழையில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கல்லறை மேல் ஏறி உட்காராமல் இருந்தால் அதுவே பெரிய மரியாதை.

"பேய் இருக்காமே?"

பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், காற்றும் பறவைச் சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு கல்லில் இருக்கும் வயதைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்வேன். 'ஒரு வருடம், சில மாதம்' என்று வரும்போது பேய்ப் பேச்சு தானாக நின்றுவிடும்.

"ஏன் எல்லாருமே இவ்வளவு சின்ன வயசுல செத்திருக்காங்க?"

மலேரியா, வாந்திபேதி, வயிற்றுளைச்சல். இந்த மூன்றும்தான் பெரும் பகுதி. கொசு கடித்துத்தான் மலேரியா பரவுகிறது என்பது 1897–98இல்தான் நிரூபணமானது. அதற்கு முன் கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பினார்கள். சிங்கோனா மரத்தை ஹக்கலையில் நட்டுப் பார்க்கத் தொடங்கியதே 1861இல். அதன் பட்டையிலிருந்துதான் கொய்னா மருந்து வரும்.

கப்டன் மக்லஷன் என்று ஒருவர் இங்கே இருக்கிறார். ஐரோப்பாவில் நெப்போலியனுக்கு எதிரான போர்களில் நின்றவர், வாட்டர்லூ களத்தையே கண்டு தப்பியவர். 1817இல் திருகோணமலையிலிருந்து கண்டிக்கு நடந்து வந்தார். மழையில் நனைந்து, ஈர உடுப்போடே படுத்து, காய்ச்சல் கண்டு இறந்தார். பீரங்கி கொல்லாதவரை நம் காட்டுக் காய்ச்சல் கொன்றுவிட்டது. அதே காடு, அதே காய்ச்சல், தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோரை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று அந்தக் கல்லின் முன் நிற்கும்போதெல்லாம் நினைப்பேன். அதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

"யானை அடிச்சுச் செத்த துரையோட கல்லும் இருக்காமே, உண்மையா?"

உண்மை. ஜோன் ரொபர்ட்சன், 1856. காட்டு யானை கொன்றது. இன்னொருவர் வில்லியம் மக்வூட். குதிரையிலிருந்து இறங்கும்போது தரையில் நட்டிருந்த முளையில் குத்துப்பட்டு 1867இல் இறந்தார். டேவிட் பின்ட்லே என்பவர் மீது அவர் வீடே இடிந்து விழுந்தது, 1861இல். சுற்றுலாக்காரர்களுக்கு இந்த மூன்று கதையும் பிடிக்கும். நான் அதிகம் நிற்பது குழந்தைகளின் கற்கள் பக்கம்.

"பெரிய தூண் வச்சிருக்கிறவர் யாரு?"

சேர் ஜோன் டொயிலி. இந்தச் சேமக்காலையில் வரலாற்றுப் புத்தகத்தில் வரும் முதல் பெயர் இவருடையது. சிங்களத்தை நன்றாகப் படித்தார். கண்டிப் பிரதானிகளோடு வருடக்கணக்கில் இரகசியமாகக் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இருந்த பகையைப் பயன்படுத்தி, பெரிய சண்டையில்லாமலே இராச்சியத்தைப் பிடிக்க வழிசெய்தார். 1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் வாசிக்கப்பட்ட கண்டி ஒப்பந்தத்தைத் தயாரித்தவரும் இவரே. இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் அந்த மண்டபம் நிற்கிறது. 1824 மே 25இல் காய்ச்சலில் இறந்தார். வயது 49. மனைவி மக்கள் இல்லை.

அவர் பதவியிறக்கிய அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்று இயற்பெயர் கொண்ட நாயக்க வம்சத்தவர். அவரை 1816இல் கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய கல்லைச் சுற்றித் தமிழ்நாடு அரசு 1990இல் முத்து மண்டபம் கட்டியது. ஒப்பந்தம் எழுதியவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த அரச வம்சத்தின் நகரத்தில் கிடக்கிறார், கண்டியின் கடைசி அரசர் தமிழ்நாட்டு மண்ணில் கிடக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தத் தூணைத்தான்.

"லேடி கிரகரி இங்கதான் இருக்காங்களா? அயர்லாந்து எழுத்தாளர்தானே?"

பெயர் ஒன்று, ஆள் வேறு. இங்கே இருப்பவர் எலிசபெத், தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் முதல் மனைவி. திருமணமாகி அதிக காலம் ஆகவில்லை, 1873இல் இறந்துவிட்டார். அயர்லாந்து நாடக ஆசிரியர் அகஸ்டா, கிரகரி 1880இல் மணந்த இரண்டாவது மனைவி. 1877இல் திறந்த கொழும்பு நூதனசாலையை அமைத்ததும் அதே கிரகரிதான்.

"கல்லுல எழுத்து மங்கிப்போய் இருக்கு. சோக்கட்டியத் தேய்ச்சா தெளிவாத் தெரியுமே, செய்யலாமா?"

தயவுசெய்து வேண்டாம். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சோக்குத் தூள் கல்லின் நுண்துளைக்குள் போய்த் தங்கிவிடும். தேய்க்கும்போது ஏற்கெனவே உதிரும் நிலையில் இருக்கும் மேற்பரப்பும் கூட வரும். ஒரு முறை வகுப்புப் பிள்ளை ஒருவன், கல்லைச் சுத்தம் செய்வதாக நினைத்துத் தேங்காய்த் தும்பால் பாசியை உரசினான். நல்ல மனதோடு செய்தான். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு பெயரின் கடைசி இரண்டு எழுத்து தூளாகிப் புல்லில் கிடந்தது. இருநூறு வருட மழைக்குத் தாக்குப்பிடித்த எழுத்து அது. பிள்ளைகளை உள்ளே விடுவதற்கு முன்பே சொல்லாதது என் பிழை. இப்போது கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திச் சொல்லிவிடுகிறேன்.

வாசிக்க வழி இருக்கிறது. காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் போங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பும். மேகமூட்டம் என்றால் கைபேசி விளக்கைக் கல்லுக்கு ஒட்டினாற்போல் ஓரத்தில் பிடியுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பியும் அடிக்கலாம். படம் எடுத்து வீட்டில் வந்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பியதும் தெரியும். கம்பித் தூரிகை, சவர்க்காரத் தூள், குளோரின், வினாகிரி ஒன்றும் ஆகாது. சொந்தக் குடும்பக் கல்லறை என்றாலும் இதே விதிதான். வெறும் தண்ணீர், மென்மையான தூரிகை, அதற்கு மேல் போகாதீர்கள். பெயர்ந்து உதிரும் கல்லாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

சில கற்களில் இன்று ஒன்றுமே தெரியாது. அப்போது கைகொடுப்பது ஜே. பென்றி லூயிஸ் என்ற அரசாங்க அதிகாரி இலங்கை முழுவதும் இருந்த கல்லறை வாசகங்களைத் திரட்டி 1913இல் வெளியிட்ட பட்டியல். அவர் பார்த்தபோது இருந்த எழுத்துகள் அதில் பத்திரமாக இருக்கின்றன.

"இங்கிலீசு தெரியும், ஆனா கல்லுல இருக்கிற இங்கிலீசு புரியல."

பழைய வழக்கு, கொஞ்சம் பழகினால் போதும். பெரும்பாலான கல் 'சேக்ரட் டு த மெமரி ஒவ்' என்று தொடங்கும், இன்னாரின் நினைவுக்கு என்று பொருள். 'ரெலிக்ட்' என்றால் விதவை. 'இன்ஃபன்ட்' என்றால் கைக்குழந்தை. வயதுக்கு முன்னால் ஏ, ஈ சேர்ந்த எழுத்து வந்தால் அது இலத்தீன், 'வயது' என்பதன் சுருக்கம்.

"புல்லுத்தரை, பூச்செடி, வரிசையா ஒரே மாதிரிக் கல்லு. அந்தப் படத்துல பாத்தது இதுதானா?"

இல்லை. நீங்கள் பார்த்தது கண்டி யுத்த மயானம். தெவெனி ராஜசிங்க மாவத்தைப் பக்கம், நகரத்தின் மறுபுறம். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமையகம் 1944இல் அதன் தளபதி மவுண்ட்பேட்டனோடு கண்டிக்கு வந்தது. அந்தக் காலத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எல்லோருக்கும் ஒரே அளவுக் கல். கரிசன் சேமக்காலையில் தூண் வைத்தவருக்குத் தூண், வசதியில்லாதவருக்குச் சின்னப் பலகைக்கல். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் அந்த வித்தியாசம் மனதில் நிற்கும்.

"தேயிலைய முதல்ல போட்ட டெயிலர் துரையும் இங்கதானே?"

அவர் மஹியாவ சேமக்காலையில். இந்த இடம் மூடியதால் அங்கே போனதென்று மேலே சொன்னேன் அல்லவா, அது. சுற்றிவர வீடும் கடையும் நெருக்கிய குடியிருப்புப் பகுதி. ஜேம்ஸ் டெயிலர் 1852இல் வந்தார், 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் வணிகத்துக்கெனத் தேயிலை போட்டார். கண்டிக்கு ரயில் வந்ததும் அதே வருடம். 1892 மே 2இல் வயிற்றுளைச்சலில் இறந்தார், வயது 57. தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என்று அவர் கல்லில் வெட்டியிருக்கிறது.

அவருடைய கடைசிப் பயணத்தைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஆள் பெரிய உருவம். லூல்கந்துரவிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 18 மைல் மலைப்பாதை. தோட்டத்து ஆட்கள் 24 பேர், பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு கூட்டம், நான்கு மைலுக்கு ஒரு முறை தோள் மாற்றி, காலையில் புறப்பட்டுப் பின்னேரம் வந்து சேர்ந்தார்கள். கங்காணிமாரும் தொழிலாளரும் பின்னால் நடந்தார்கள். அவரை அவர்கள் 'சாமி துரை' என்று அழைத்தார்கள். சுமந்தவரின் பெயர் சொல்லும் கல் அந்தச் சேமக்காலையில் இல்லை. டெயிலரின் கல்லைப் பார்க்கப் போகும்போது அந்த 24 பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

"அப்ப நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட கரிசன்ல இல்லயா?"

ஒரு தமிழ்ப் பெயரைக்கூட அங்கே நான் வாசித்ததில்லை. அது ஐரோப்பியருக்கான இடம். ஆனால் அந்தக் கற்களின் வருடங்களைப் பாருங்கள். 1820கள், 40கள், 60கள். கோப்பிக் காலம் முழுவதும் அங்கே இருக்கிறது. அதே வருடங்களில்தான் நம் ஆட்கள் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் இருக்கும் இடத்தில் மூட்டையை இறக்கி ஓய்ந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்வோம். மக்லஷனைக் கொன்ற காய்ச்சலே அவர்களையும் கொன்றது. அவருக்குக் கப்டன் பதவியும் இருந்தது, நண்பர்களும் இருந்தார்கள், ஒரு கல்லும் கிடைத்தது. பாதையோரத்தில் விழுந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதிவைக்க அன்றைக்கு ஆளில்லை.

"நம்மள அடக்கி ஆண்டவங்க கல்லறைய நாம எதுக்குப் பாதுகாக்கணும்?"

கோபம் புரிகிறது. பிரித்தானியருக்கு எதிராக எழுந்த 1817–18 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை இந்தப் படைதான் அடக்கியது, வயலையும் வீட்டையும் எரித்து. அதை மறைத்துவிட்டு இந்த இடத்தின் கதையைச் சொல்ல முடியாது. நான் பிள்ளைகளுக்கு மறைப்பதும் இல்லை.

ஆனாலும் கல்லை இடித்தால் அந்த அநியாயத்தின் சாட்சியும் சேர்ந்தே போகிறது. யார் வந்தார்கள், எந்த வருடம், எந்த வேலைக்கு, எதனால் செத்தார்கள் என்பதை இவ்வளவு நெருக்கமாக வேறெங்கே வாசிப்பது? நம் ஆட்களின் காலத்தைக் கணக்கிடவும் எனக்கு இந்தக் கற்கள்தான் உதவுகின்றன. பத்து மாதக் குழந்தை யாரையும் ஆளவும் இல்லை.

"சட்டம் பாதுகாக்குதா?"

1940இல் வந்த தொல்பொருள் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என்று வரையறுத்தது. மேலே டொயிலி பற்றிச் சொன்ன அதே திகதி! அவர் எழுதிய ஒப்பந்தமே சட்டத்தின் எல்லைக்கோடு. அதற்குப் பிந்திய பழைய கட்டடங்களைத் தனியாக அறிவித்துத்தான் பாதுகாக்க வேண்டும். கண்டி நகரம் 1988 முதல் உலக மரபுரிமைத் தலம். காகிதத்தில் எது இருந்தாலும், கரிசன் சேமக்காலை இன்று இந்த நிலையில் இருப்பதற்குக் காரணம் 1998இல் நடந்த சீரமைப்பும் தினமும் புல் வெட்டும் கைகளும்தான்.

"எங்க தாத்தாவ எந்தத் தோட்டத்துல பொதைச்சாங்கன்னே தெரியல. கண்டுபிடிக்க முடியுமா?"

இறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள். இலங்கை இறப்புப் பதிவுப் படிவத்தில் மரணத்துக்கான காரணத்தோடு, புதைத்த அல்லது எரித்த இடமும் எழுதப்படும். பலர் காரணத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். சான்றிதழ் கையில் இல்லையென்றால் அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் கிளையில் தேடச்சொல்லி விண்ணப்பியுங்கள். தோட்டத்து மரணங்களைத் தோட்ட நிர்வாகமே அறிவித்துப் பதிந்தது, ஆகவே தோட்டத்தின் பெயர் முக்கியம், தோட்டத்துக்குள் எந்த டிவிசன் (பிரிவு) என்று தெரிந்தால் இன்னும் நல்லது.

பெயரை ஒரே எழுத்தில் தேடாதீர்கள். கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முத்தையா முத்தன் ஆகியிருப்பார், காளியம்மா காளியாயி ஆகியிருப்பார். தகப்பன் பெயர் முன்னால் வந்திருக்கும். மூன்று நான்கு விதமாக எழுதிக்கொண்டு போங்கள். சரியான திகதி தெரியாவிட்டால், 'தீபாவளி கழிந்து', 'பெரியவன் பிறந்த வருடம்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை வைத்து ஆண்டைச் சுருக்கலாம்.

"எங்க தோட்டத்துப் பொதகாட்டுல கல்லே இல்ல, வெறும் மேடுதான். அதையெல்லாம் என்னன்னு எழுதி வைக்கிறது?"

கட்டாயம் எழுதிவைக்க வேண்டும், அதுவும் இப்போதே. நம்மவர்களில் புதைக்கும் வழக்கம் அதிகம், கருமாதி முடிந்த பிறகு கல் வைக்க எல்லோருக்கும் வசதி இருக்காது. யார் எங்கே என்பது வயதானவர்களின் நினைவில்தான் இருக்கிறது. முதலில் தோட்ட நிர்வாகத்திடமும் கோவில் பெரியவர்களிடமும் சொல்லிவிடுங்கள். பிறகு அறுபது எழுபது வயதைத் தாண்டிய இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பார்.

ஒரு பெரிய தாளில் பாதை, மரம், கான் எல்லாம் போட்டு, ஒவ்வொரு மேட்டுக்கும் இலக்கம் கொடுங்கள். இலக்கத்துக்கு எதிரே பெயர், குடியிருந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு), தெரிந்தால் வருடம், சொன்னவர் யார். குழி மேல் எதுவும் நடவோ கிண்டவோ வேண்டாம். பெயர் தெரியாத மேட்டை விட்டுவிடாதீர்கள். 'பெண், பிரசவத்தில்' என்றோ 'குழந்தை, மேல் லயம்' என்றோ இருந்தாலும் இலக்கத்தோடு எழுதுங்கள். முடிந்ததும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றைத் தோட்டத்துக் கோவிலிலும் ஒன்றைப் பள்ளிக்கூடத்திலும் கொடுத்து வையுங்கள்.